பிரசவம் பார்க்கப் படித்தவர்

பிளஸ் டூ முடித்த பிள்ளை "நான் கேன்சர் டாக்டர் ஆகணும்" என்று சொன்னால், "அதுக்கு எந்தக் காலேஜ்?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். பல் மருத்துவத்துக்குத் தனிக் கல்லூரி உண்டு, சித்த மருத்துவத்துக்கும் உண்டு. புற்றுநோய்க்கு அப்படி நேராக நுழைய வழி கிடையாது. எல்லோரையும் போல நீட் எழுதி, எம்.பி.பி.எஸ். சேர்ந்து, நான்கரை ஆண்டு படிப்பையும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சியையும் முடித்த பிறகுதான் பாதை பிரியும்.

மருந்தால் வைத்தியம் செய்ய விரும்புகிறவர் பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ மூன்று ஆண்டு எம்.டி. முடித்து, இன்னொரு நுழைவுத்தேர்வு எழுதி, மேலும் மூன்று ஆண்டு டி.எம். மெடிக்கல் ஆன்காலஜி படிக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் போகிறவருக்கு எம்.எஸ்., அப்புறம் எம்.சிஎச். சர்ஜிக்கல் ஆன்காலஜி. எங்கும் தடங்கலில்லாமல் போனாலே பதினொன்றரை ஆண்டு. நுழைவுத்தேர்வில் ஒரு வருடம் நழுவினால் முப்பது வயதைத் தாண்டிவிடும்.

இந்தப் படிப்புகளே இல்லாத காலமும் இருந்தது. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது அங்கே இருந்தவை 12 படுக்கைகள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அடுத்த ஆண்டு அங்கே வந்து சேர்ந்தார் வி. சாந்தா. அவர் எம்.டி. வாங்கியிருந்தது மகப்பேறு மருத்துவத்தில். அரசுப் பணித் தேர்விலும் தேறி, எழும்பூர் மகளிர் குழந்தைகள் மருத்துவமனைக்கான வேலையும் கைக்கு வந்திருந்தது. அதை விட்டுவிட்டுத்தான் அடையாறுக்குப் போனார். முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியோடு வேலை பார்த்துக்கொண்டே புற்றுநோய் மருத்துவத்தைக் கற்றார். தாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றதை அடுத்த தலைமுறை முறையாகக் கற்க வேண்டும் என்று இருவரும் நினைத்தார்கள். இந்தியாவிலேயே முதன்முறையாக டி.எம்., எம்.சிஎச். புற்றுநோய்ப் படிப்புகள் 1984இல் அங்கேதான் தொடங்கின. 2021இல் 93 வயதில் மறையும்வரை சாந்தா அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை.

சரி, முதலில் பொது மருத்துவம், பிறகு புற்றுநோய் என்று ஏன் இந்தச் சுற்று? புற்றுநோய் மருந்துகள் கட்டியோடு நிற்பதில்லை. டாக்சோரூபிசின் இதயத் தசையைப் பலவீனமாக்கும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தில் கைவைக்கும். கீமோ முடிந்து பத்தாம் நாள் நள்ளிரவில் ஒருவர் காய்ச்சலோடு வருவார், வெள்ளணுக்கள் சரிந்திருக்கும், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறியாக வேண்டும். இதயத்தையும் சிறுநீரகத்தையும் தெரிந்துகொள்ளாதவர் கையில் இந்த மருந்துகளைக் கொடுக்க முடியாது.

நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வரும் வின்கிறிஸ்டின் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் முக்கியமான மருந்து. ரத்தக் குழாயில் ஏற்றினால் உயிர் காக்கும். அதே குழந்தைக்கு முதுகுத்தண்டு நீரில் வேறொரு மருந்தை ஊசியால் போடுவார்கள். ஊசி மாறி வின்கிறிஸ்டின் அங்கே போய்விட்டால் குழந்தை பிழைப்பது அரிது. அதனால்தான் அதைச் சிரிஞ்சில் எடுக்காமல் சிறு சலைன் பையில் கலந்து ஏற்றச் சொல்கிறார்கள்: பையைக் கொண்டுபோய் யாரும் முதுகில் போட முடியாது. மாணவர் மருந்தின் பெயரோடு இந்தப் பயத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறார்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதைப் பற்றிப் பெற்றோருக்கும் தெரிவதில்லை, மாணவர்களுக்கும் பெரிதாகத் தெரிவதில்லை என்பதுதான் என் வருத்தம். கதிர்வீச்சு சிகிச்சை படிக்க, எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு எம்.டி.யில் சேரலாம். மொத்தம் எட்டரை ஆண்டில் புற்றுநோய் நிபுணர். 2020 முதல் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் வருகிறார்கள். சீக்கிரம் சம்பாதிக்கத் தொடங்க வேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு அந்த மூன்று ஆண்டு மிச்சம் எவ்வளவு பெரியது!

அந்தப் படிப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க, ஒரு மருத்துவமனையின் சிகிச்சைத் திட்ட அறையில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். தொண்டைப் புற்றுநோய் நோயாளி ஒருவருக்குக் காலையில் முகமூடி செய்திருந்தார்கள். வெந்நீரில் போட்டால் துவளும் பிளாஸ்டிக் வலை அது; முகத்தில் படியவைத்தால் சில நிமிடத்தில் இறுகிவிடும். சிகிச்சையின்போது தலை அசையாமல் பிடித்துக்கொள்ளும். அவருக்குக் கொடுக்க வேண்டியது 70 கிரே. கதிர்வீச்சை அளக்கும் அலகு அது. அதை 35 நாளாகப் பிரித்து, வாரம் ஐந்து நாள் என்று ஏழு வாரம் கொடுப்பார்கள். இடைவெளியில் நல்ல செல்கள் தம்மைச் சரிசெய்துகொள்ளும். புற்றுச் செல்களுக்கு அந்தத் திறன் குறைவு. சில சென்டிமீட்டர் பின்னால் இருக்கும் தண்டுவடம் ஏறக்குறைய 45 கிரேக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்கினால் கை கால் விழுந்துவிடலாம்.

முதுநிலை மாணவி ஒருவர் கணினி முன் உட்கார்ந்து, 3 மி.மீ. இடைவெளியில் எடுத்த சி.டி. படங்கள் ஒவ்வொன்றிலும் மவுஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கட்டிக்குச் சிவப்பு, தண்டுவடத்துக்குப் பச்சை. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். டீ ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது. ஏழு மணிக்குப் பேராசிரியர் வந்து ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"உன் சிவப்புக் கோடு உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ள போகுது பாரும்மா. அங்க கட்டி இருக்கா?"

"இல்ல சார். கொஞ்சம் தாராளமா விட்டேன்."

"அந்தச் சுரப்பி போயிட்டா அவருக்கு எச்சில் ஊறாது. அப்புறம் ஒரு வாய் சோத்தை எப்படி முழுங்குவாரு?"

மாணவி பதில் சொல்லவில்லை. மவுஸைப் பிடித்து, அந்தப் படத்தில் கோட்டை அழித்து மறுபடி போட்டார். பிறகு அதற்கு முந்தின படத்துக்குப் போனார்.