மெல்ல அடித்தால் உடையும் கல்

சிறுநீரகக் கல்லை உடலைக் கீறாமல் உடைக்கும் யோசனை, விமானத் தொழிலிலிருந்து வந்தது. ஒலியை மிஞ்சிப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் உலோகத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஜெர்மனியின் டோர்னியர் நிறுவனம் ஆராய்ந்தது. அதில் கிடைத்த அதிர்வலை அறிவை மியூனிக் மருத்துவர் கிறிஸ்டியன் ஷௌஸியும் சகாக்களும் கல்லின் பக்கம் திருப்பினார்கள். முதல் நோயாளிக்கு 1980 பிப்ரவரியில் சிகிச்சை நடந்தது.

அந்தக் காலத்து இயந்திரத்தில் நோயாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவார்கள். அடியில் பாதி முட்டை வடிவத்தில் ஓர் உலோகக் கிண்ணம். அதன் ஒரு குவியத்தில் மின்பொறி வெடிக்கும். எழும் அலை கிண்ணத்தில் பட்டுத் திரும்பி, கல் இருக்கும் மறு குவியத்தில் ஒன்றுகூடும். நீரும் தசையும் அலைக்கு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அது தடையின்றி உள்ளே போகும். கல்லில் மோதும்போதுதான் தன் வேலையைக் காட்டும்.

அடுத்த தலைமுறை இயந்திரங்கள் தொட்டியை ஒழித்தன. தண்ணீர் நிரப்பிய மெத்தையும் கொஞ்சம் ஜெல்லும் போதும். அலையை இன்னும் குறுகலாக, இன்னும் வலுவாகக் குவித்தார்கள். வசதி கூடியது, ஆனால் கல்லை உடைப்பதில் பழைய தொட்டியை அவற்றால் மிஞ்ச முடியவில்லை! மூச்சுவிடும்போது சிறுநீரகம் மேலும் கீழும் நகர்வதால், குறுகிய குவியத்தின் அடிகள் பல குறி தவறின. ஜெல்லில் சிக்கிய காற்றும் அலையை மறித்தது.

குமிழ்களின் கதை இதைவிடச் சுவையானது. அலையின் அழுத்தத்தைத் தொடர்ந்து ஓர் இழுவிசை வரும். அது நீரில் நுண்குமிழ்களை உண்டாக்கும். கல்லின் மேல் அவை நொறுங்கும்போது கல் அரிபடும். ஆனால் எஞ்சும் குமிழ்கள் அடுத்த அலையின் வழியில் நின்று அதன் வலுவைத் தின்றுவிடும். நிமிடத்துக்கு 120 அடிகளை 60 ஆகக் குறைத்தால் அவை கரைய நேரம் கிடைக்கிறது, கல்லும் நன்றாக உடைகிறது. சிகிச்சை நேரம் நீளும், அவ்வளவுதான். குறைந்த வலுவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றினால் சிறுநீரகத்தில் ரத்தக்கசிவும் குறைகிறது என்று பன்றிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் அலையைக் குவிக்கும் வில்லையின் வடிவத்தை மாற்றிக் குவியத்தை அகலமாக்கினார்கள். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு அதிர்வலையையே கைவிட்டது. ஒற்றைப் பேரடிக்குப் பதிலாக, அழுத்தம் குறைந்த மீயொலியைச் சிறுசிறு தொகுப்புகளாக அனுப்புகிறது. மயக்க மருந்தே தேவைப்படாத சிகிச்சையாக இதை ஆக்குவது அவர்கள் இலக்கு. மனிதர்களிடம் கிடைத்த முதல் முடிவுகள் 2022இல் வெளியாகின. இந்த முறையில் மீயொலியின் அதிர்வெண்ணைக் கூட்டினால் கல் இன்னும் பொடியாக உடைகிறது. உடைந்தது எல்லாம் சிறுநீர்க்குழாய் வழியாகத்தானே வெளியேற வேண்டும்? வலியை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், பொடிக்கும் துண்டுக்கும் உள்ள வித்தியாசம்.