பெயர் தெரிந்தால் பொருள் கிடைக்கும்: பள்ளியில் ஓர் இருட்டறை

பத்தாம் வகுப்பில் ஒளிச்சிதைவு வினையை நடத்திக்கொண்டிருந்தேன். வெள்ளி புரோமைடு ஒளி பட்டால் சிதையும், கருப்பு வெள்ளைப் புகைப்படக் கலைக்கு இதுவே அடிப்படை என்று சொன்னதும் ஒரு மாணவி எழுந்து, "சார், நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள். நான் பார்த்ததில்லை. இருபது ஆண்டுகளாகக் கற்பித்துவரும் ஒரு வினையை ஒருமுறைகூட நேரில் கண்டதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இரண்டு வாரம் கழித்து, அறிவியல் மன்ற மாணவர்கள் பன்னிரண்டு பேர் ஆய்வகத்தை ஒட்டிய பொருள் அறையில் சிவப்பு விளக்கைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். புகைப்படக் காகிதத்தின் மேல் வேப்பிலை வைத்து, ஒரு நொடி வெளிச்சம் காட்டி, கரைசலில் மூழ்கவைத்தோம். ஒரு நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடம் ஆயிற்று. காகிதம் வெள்ளையாகவே இருந்தது. "ஒண்ணும் வரலையே சார்" என்று இருட்டில் ஒரு குரல் கேட்டது.

தவறு என்னுடையது. சலவை சோடா தேவைப்பட்ட இடத்தில், மளிகைக் கடையில் "சோடா உப்பு" என்று கேட்டு ஆப்ப சோடாவை வாங்கி வந்திருந்தேன். முன்னது சோடியம் கார்பனேட். பின்னது சோடியம் பைகார்பனேட். பின்னதன் காரத்தன்மை படத்தை வெளிக்கொணரப் போதாது.

இந்தக் கட்டுரை அந்த ஏமாற்றத்திலிருந்து பிறந்தது. இருட்டறைக்கு வேண்டியவை இன்று கிடைக்காது என்று பலர் நினைக்கிறோம். ஒளியுணர் காகிதம் தவிர ஏறக்குறைய எல்லாமே நம் ஊரிலேயே கிடைக்கின்றன. சரியான வேதிப்பெயரைச் சொல்லிக் கேட்பதுதான் முக்கியம்.

எத்தனை பொருள்கள் வேண்டும்?

இருட்டறை வேலை மூன்று தட்டுகளில் முடிகிறது. முதல் தட்டில் டெவலப்பர். இது ஒளி பட்ட வெள்ளி உப்பை உலோக வெள்ளியாக ஒடுக்குகிறது. அந்த நுண்ணிய வெள்ளித் துகள்களே கருமையாகத் தெரிகின்றன. இரண்டாம் தட்டில் வினையை நிறுத்தும் நீர் அல்லது மென்மையான அமிலக் கரைசல். மூன்றாம் தட்டில் ஃபிக்சர். இது ஒளி படாமல் எஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து நீக்குவதால், அதன்பின் படம் வெளிச்சத்தைத் தாங்கும். கடைசியாக ஓடும் நீரில் கழுவ வேண்டும்.

முதல் கடை: நமது ஆய்வகம்

மேல்நிலைப் பள்ளியாக இருந்தால் முதலில் வேதியியல் ஆய்வக அலமாரியைத் திறந்து பாருங்கள். ஃபிக்சருக்கு உரிய சோடியம் தயோசல்பேட் அங்கே இருக்கும். அமிலத்துடன் சேர்த்து, கந்தகம் வீழ்படிவாகும் நேரத்தைக் கொண்டு வினைவேகத்தைக் காட்டுவோமே, அதே உப்புதான். இது வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்பதை ஜான் ஹெர்ஷல் 1819-இல் கண்டறிந்தார். 20 ஆண்டுகளுக்குப் பிறகு, 1839-இல், புகைப்படத்தை நிலைநிறுத்த வழி தேடியவர்களுக்கு அந்தக் கண்டுபிடிப்பு கைகொடுத்தது. படிக வடிவில் உள்ள தயோசல்பேட் 250 கிராமை நீரில் கரைத்து 1 லிட்டராக்கினால் எளிய ஃபிக்சர் தயார். காகிதத்தை அதில் ஐந்து நிமிடம் வைத்தால் போதும்.

வெளியில் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. புகைப்படக்காரர்கள் இதை "ஹைப்போ" என்பார்கள். ஆனால் மருத்துவமனைகளிலும் துப்புரவுப் பொருள் கடைகளிலும் "ஹைப்போ" என்றால் சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது வெளுப்புக் கரைசல். அது அமிலத்துடன் சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும். எனவே "சோடியம் தயோசல்பேட்" என்று முழுப்பெயரை எழுதிக் கொடுத்தே வாங்குங்கள். வண்ணமீன் கடைகளில் நீரிலுள்ள குளோரினை நீக்க விற்கும் படிகமும் பெரும்பாலும் இந்தத் தயோசல்பேட்தான். சிட்டையில் பெயரைப் பார்த்து வாங்கலாம்.

இரண்டாம் கடை: மளிகையும் மருந்தும்

மாணவர்களுடன் செய்ய ஏற்ற டெவலப்பர், காபியில் தயாராவது. 1995-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ஸ்காட் வில்லியம்ஸ் தம் மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கியது. "காஃபினால்" என்று பெயர். ஒரு வகுப்பறையில் பிறந்த முறை என்பதால் நமக்குக் கூடுதல் நெருக்கம். காபியிலுள்ள காஃபிக் அமிலம் போன்ற பொருள்கள் ஒடுக்கும் வேலையைச் செய்கின்றன. காஃபினுக்கு இதில் பங்கில்லை.

பரவலாகப் பயன்படும் ஓர் அளவு, 1 லிட்டர் நீருக்கு: நீரற்ற சோடியம் கார்பனேட் 54 கிராம், வைட்டமின் சி (அஸ்கார்பிக் அமிலம்) 16 கிராம், உடனடி காபித்தூள் 40 கிராம். இதே வரிசையில் ஒவ்வொன்றாகக் கரைக்க வேண்டும். சிறிய தட்டுக்கு அரை லிட்டர் போதும். வாடை சகிக்காது, மாணவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தயாரித்த அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள்.

காபித்தூள்: சிக்கரி கலக்காத உடனடி காபியாக இருக்கட்டும். நம் ஊரில் விற்கும் பல பொட்டலங்கள் காபி–சிக்கரி கலவையே. விகிதம் உறையில் அச்சிடப்பட்டிருக்கும்.

சலவை சோடா: படிகமாக இருப்பதில் பெரும்பங்கு நீர். 54 கிராம் நீரற்ற தூளுக்கு ஈடாகப் படிகச் சோடா 146 கிராம் தேவை. மூலக்கூறு நிறைகள் 106, 286 என்று கொடுத்து மாணவர்களையே கணக்கிடச் சொல்லலாம். சலவை சோடா கிடைக்காவிட்டால் ஆப்ப சோடாவை எவர்சில்வர் சட்டியில் அரை மணி நேரம் கிளறி வறுத்தால் சோடியம் கார்பனேட்டாக மாறும். 86 கிராம் வறுத்தால் 54 கிராம் கிடைக்கும். முதல் முயற்சியில் தோற்ற பிறகு நாங்கள் செய்ததும் இதுதான். அலுமினியப் பாத்திரம் கூடாது. சோடா அதை அரிக்கும்.

வைட்டமின் சி: மருந்துக் கடை மாத்திரையில் சர்க்கரையும் நிறமியும் கலந்திருக்கும். ஆய்வகப் பொருள் கடையில் அஸ்கார்பிக் அமிலத் தூளாக வாங்குவது நல்லது.

மூன்றாம் கடை: ஆய்வக வேதிப்பொருள் விற்பனையாளர்

மாவட்டத் தலைநகரங்களில் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்குப் பொருள் வழங்கும் கடைகள் இருக்கின்றன. சென்னையில் பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெரு வேதிப்பொருள் வணிகத்துக்குப் பெயர் பெற்றது. "எல்.ஆர்." என்று குறிக்கப்பட்ட ஆய்வகத் தரமே போதும், விலை கூடிய பகுப்பாய்வுத் தரம் தேவையில்லை.

காஃபினாலில் காகிதம் சற்றே பழுப்பேறும். தெளிவான கருப்பு வெள்ளை வேண்டுமென்றால் கோடாக் வெளியிட்ட டி-72 என்ற வாய்பாட்டை ஆசிரியரே தயாரிக்கலாம். 50 டிகிரி செல்சியஸ் வெந்நீர் 750 மில்லியில் மெட்டால் 3 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 45 கிராம், ஹைட்ரோகுவினோன் 12 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 68 கிராம், பொட்டாசியம் புரோமைடு 2 கிராம் ஆகியவற்றை இதே வரிசையில் கரைத்து 1 லிட்டராக்க வேண்டும். சல்பைட் கரைந்த நீரில் மெட்டால் எளிதில் கரையாது. அதனால்தான் மெட்டால் முதலில். பயன்படுத்தும்போது ஒரு பங்கு கரைசலுக்கு இரண்டு பங்கு நீர் சேர்க்கவும்.

இங்கும் பெயர்க் குழப்பம் உண்டு. சல்பைட், சல்பேட், சல்பைடு மூன்றும் வெவ்வேறு பொருள்கள். நமக்கு வேண்டியது சல்பைட்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இருட்டறையே இல்லாத நீலப்படத்திலிருந்து தொடங்கலாம். 1842-இல் ஹெர்ஷல் கண்டறிந்த முறை இது. மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இம்முறையில் பதிவுசெய்து நூலாக்கத் தொடங்கினார். பச்சை வகை ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லி நீரிலும், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராமை வேறொரு 100 மில்லி நீரிலும் கரைத்து, தேவையான அளவு சமமாகக் கலந்து, மங்கிய ஒளியில் காகிதத்தில் பூசி உலர்த்த வேண்டும். அதன்மேல் இலையை வைத்து வெயிலில் 10 முதல் 20 நிமிடம் காட்டி நீரில் அலசினால் நீலத்தில் வெள்ளை இலை தெரியும். பூசுவது ஆசிரியர் வேலை. இலை வைப்பதும் அலசுவதும் குழந்தைகள் வேலை. கடையில் கேட்க வேண்டியது சிவப்புப் படிகமான "ஃபெர்ரி". மஞ்சள் படிகமான "ஃபெர்ரோ" அன்று. ஃபெர்ரிசயனைடை வலிமையான அமிலத்துடன் சேர்க்கவோ சூடாக்கவோ கூடாது. நச்சு வாயு உண்டாகும்.

நான்காம் கடை: காகிதமும் ஃபிலிமும்

இது ஒன்றுதான் தொலைவிலிருந்து வர வேண்டும். 1960-இல் மத்திய அரசு உதகமண்டலத்தில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. "இந்து" என்ற பெயரில் ஃபிலிமும் காகிதமும் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. நம் பெற்றோரின் திருமணப் படங்கள் சில அந்தக் காகிதத்தில் இருக்கக்கூடும். டிஜிட்டல் காலத்தில் ஆலை மூடப்பட்டது. இன்று கிடைப்பவை இறக்குமதியே: இங்கிலாந்தின் இல்ஃபோர்ட், செக் குடியரசின் ஃபோமா, அமெரிக்காவின் கோடாக் ஆகியவை. கேமரா வணிகத்துக்குப் பெயர் பெற்ற மும்பை போரா பஜார், தில்லி சாந்தினி சௌக் போன்ற இடங்களில் விசாரிக்கலாம், இணையவழியிலும் வாங்கலாம்.

பள்ளிக்கு ஏற்றது 5×7 அங்குல, பிளாஸ்டிக் பூச்சுள்ள "ஆர்.சி." காகிதம். விரைவில் கழுவி உலர்த்தலாம். ஒரு தாளை நான்காக வெட்டினால் நான்கு மாணவர்களுக்கு ஆகும். காலாவதியான காகிதம் மலிவாகக் கிடைத்தால் இலைப் படங்களுக்கு வாங்கலாம். கடையில் எவரும் உறையைத் திறந்து எண்ணிக் காட்ட விடாதீர்கள். எனக்கு ஒரு பொட்டலம் அப்படித்தான் வீணாயிற்று.

எக்ஸ்ரே ஃபிலிமும் நல்ல மாற்று. ஊசித்துளைக் கேமராவில் வைத்துப் படம் எடுக்கலாம். மருத்துவப் பொருள் கடையில் கேட்கும்போது டெவலப்பரில் கழுவும் பழைய வகையா என்று உறுதிசெய்யுங்கள். கணினியோடு இணைந்த அச்சுப்பொறிக்கான உலர் ஃபிலிம் நமக்கு உதவாது.

மற்றவை

மூன்று பிளாஸ்டிக் தட்டுகள், மூன்று இடுக்கிகள், ஆய்வக வெப்பமானி, சிவப்பு விளக்கு. விளக்கை நம்பும் முன் சோதியுங்கள்: காகிதத்தின் மேல் நாணயத்தை வைத்துச் சிவப்பு ஒளியில் ஐந்து நிமிடம் விட்டு, டெவலப்பரில் போடுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் அந்த விளக்கு ஆகாது.

வாய்பாடுகள் பெரும்பாலும் 20 டிகிரிக்கு எழுதப்பட்டவை. நம் குழாய் நீர் 30 டிகிரியைத் தொடும், வினை விரையும். தட்டை ஐஸ் கலந்த நீருள்ள அகலமான தட்டுக்குள் வைத்தால் வெப்பம் தணியும்.

கையுறையும் வெள்ளிக் கழிவும்

மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் தோலில் ஒவ்வாமை உண்டாக்கலாம். அவற்றை எடையிடுவதும் கரைப்பதும் ஆசிரியரே, கையுறையும் முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். மாணவர்கள் இடுக்கியால் மட்டுமே காகிதத்தைத் தொடட்டும். சமையலறைப் பாத்திரம் எதையும் இதற்கு எடுத்தால் மீண்டும் சமையலுக்குக் கொடுக்கக் கூடாது. வாங்கிய ஒவ்வொன்றையும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பெயரும் தேதியும் ஒட்டிப் பூட்டி வையுங்கள்.

பயன்படுத்திய ஃபிக்சரில் வெள்ளி கரைந்திருக்கும். நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு என்பதால் சாக்கடையில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, இரும்புக் கம்பளித் துண்டைப் போட்டுச் சில நாள் விடுங்கள். இரும்பு கரைந்து வெள்ளி படியும். பாடத்தில் உள்ள இடப்பெயர்ச்சி வினைதான் இது. வெள்ளி மீட்போர் எக்ஸ்ரே மையங்களிலிருந்து பழைய ஃபிக்சரை வாங்குவதுண்டு. அருகிலுள்ள மையத்தில் கேட்டு அவர்களிடமே ஒப்படைக்கலாம்.

வறுத்த சோடாவுடன் மறு வாரம் அதே அறையில் அதே பன்னிரண்டு பேர் நின்றோம். காகிதம் கரைசலில் இறங்கியது. அரை நிமிடத்தில் ஓரங்கள் சாம்பல் நிறமாகி, பிறகு கறுத்தன. நடுவில் வேப்பிலை, பல் பல்லாக, வெள்ளையாக நின்றது. எவரும் பேசவில்லை. கேள்வி கேட்ட மாணவிதான் முதலில் வாய் திறந்தாள்: "சார், இப்ப நீங்களும் பார்த்துட்டீங்க."