குப்பையும் எருவும்

குப்பை என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் வழங்குகின்றன. வேண்டாமெனக் கூட்டித் தள்ளுவது ஒன்று. வயலுக்கு இடும் எரு மற்றொன்று. இரண்டிற்கும் அடிப்பொருள் குவியல் என்பதே. முறையாகக் குவித்தால் கழிவே எருவாகும் என்னும் உழவர் பட்டறிவு அச்சொல்லில் அடங்கிக் கிடக்கிறது. உழவு அதிகாரத்தில் வள்ளுவர் ஏரோட்டுவதற்கும் மேலாக எருவிடுவதை வைத்துப் போற்றுகிறார்.

பினாங்கு நகர வாழ்வில் இவ்விரு பொருளும் பிரிந்துவிட்டன. ஜார்ஜ்டவுன் வீடுகளில் சேரும் காய்கறித் தோல், வாழையிலை, வாடிய மாலை முதலியன பெரும்பாலும் தீவைக் கடந்து, செபராங் பிறையின் தென்பகுதியிலுள்ள பூலாவ் புரோங் குப்பை நிலத்தில் புதைகின்றன. காற்றுப் புகாமல் அழுகும் கழிவிலிருந்து மீத்தேன் என்னும் எரிவாயு எழும். 2022 ஜனவரியில் அந்நிலம் தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. மறுபயனீட்டுப் பொருள்களை வீட்டிலேயே பிரித்து வைக்கும் திட்டத்தை மாநில அரசு 2016இல் கொணர்ந்தது. அடுக்களைக் கழிவை மண்ணுக்குத் திருப்புவது அதற்கு அடுத்த படியாகும்.

அம்மண்ணுக்கோ எரு மிகவும் தேவை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்யும் மழை சத்துகளைக் கரைத்துச் செல்கிறது. வெப்பமோ இலைமக்கை விரைவில் அழிக்கிறது. இரசாயன உரத்திலும் ஒரு பகுதி மழையோடு போய்விடும். மக்கிய எரு நீரையும் சத்தையும் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக வேருக்கு அளிக்கும்.

இம்முறையை அறிவியல் வழியில் வகுத்தவர் ஆல்பர்ட் ஹோவர்டு. இந்திய உழவர்களிடம் தாம் கற்றதையும், சீன உழவர் வழக்கத்தையும் கருத்திற்கொண்டு, இந்தூரில் ஆய்வு நடத்தி, யஷ்வந்த் வாட் என்பாருடன் 1931இல் நூலாக வெளியிட்டார். உலர்ந்த பொருளும் பச்சைப் பொருளும் அடுக்கடுக்காக இட்டு, ஈரமும் காற்றும் காத்து, இடையிடையே புரட்டினால் ஏறத்தாழ மூன்று திங்களில் எரு ஆயத்தமாகும் என்பது இந்தூர் முறையின் சாரம்.

இதனைப் பலர் கூடிச் செய்வது ஏன்? குவியல் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் அகலமும் உயரமும் உடையதாயின், உள்ளே வெப்பம் 55 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும். அவ்வெப்பமே நோய்க்கிருமிகளையும் களை விதைகளையும் அழிக்கிறது. ஒரு வீட்டுக் கழிவு இதற்குப் போதாது. பத்து வீட்டார் சேர்ந்தால் போதும். பச்சைக் கழிவு ஒரு பங்குக்குச் சருகு இரண்டு பங்கு இடுவது நலம். கையால் பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசியும் ஈரமே அளவு. மழையில் நனையாமல் கூரை வேண்டும். மீனும் இறைச்சியும் எலியை அழைக்கும்; அவற்றை விலக்குக. தேங்காய் ஓட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். அதனை உடைத்து இடுக. களைக்கொல்லி தெளித்த புல்லையும் சேர்த்தல் கூடாது.

முதிர்ந்த எரு கருநிறமாய், மழை நனைத்த மண்ணின் மணம் வீசும். சூடோ நாற்றமோ இருப்பின் இன்னும் பொறுத்தல் வேண்டும். முதிராத எரு வேரைத் தாக்கும், மண்ணிலுள்ள தழைச்சத்தையும் ஈர்த்துக்கொள்ளும். புல்தரைக்குச் சலித்த எருவை அரை அங்குலத்துக்கு மிகாமல், புல்நுனி மறையாதவாறு தூவுக. காய்கறிப் பாத்திக்கு ஓரங்குலக் கனம் பரப்பி மேல்மண்ணோடு கலக்குக. பூச்சட்டிக்கு நான்கில் ஒரு பங்கு போதும்.

பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இயற்கைத் தோட்டப் பயிற்சியைப் பள்ளிகள்வரை கொண்டு சென்றுள்ளது. பள்ளித் தோட்டத்தின் மூலையில் ஒரு குவியல் இருப்பின், மாணவர் அறிவியலையும் அச்சொல்லின் இரு பொருளையும் ஒருங்கே கற்பர். அக்கம்பக்கத்து வீட்டாரும் தத்தம் கழிவைக் கொணர்ந்து, எருவைப் பகிர்ந்து செல்வர்.