காலுக்கு வெளியே கம்பி... பாதியில் விட்ட ஆபரேஷனா?

'பவர் டில்லரில் மாட்டி, அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்த டாக்டர், நாலு கம்பியைக் காலுக்கு வெளியே நீட்டி, அதன்மேல் ஒரு ராடையும் மாட்டி அனுப்பியிருக்கிறார். புண்ணையும் தைக்கவில்லை. பாதி ஆபரேஷன்தான் செய்திருக்கிறார்கள், கூட்டிக்கொண்டு வந்து கட்டுப் போட்டுவிடலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?'

வாசகர் ஒருவரின் கேள்வி இது. பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். கூட்டிக்கொண்டு வர வேண்டாம். அந்தக் கம்பிகள் பாதியில் விட்ட வேலை அல்ல. புண்ணைத் தைக்காமல் விட்டதும் தெரிந்தே செய்ததுதான். இந்த நிலையில் கம்பியைக் கழற்றிவிட்டு வேறு கட்டுப் போட்டால், முறிவோடு போக வேண்டியது காலோடு போய்விடும் ஆபத்து இருக்கிறது.

ஏன் என்று புரிந்துகொள்ள, முறிவில் இரண்டு வகை உண்டு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தோல் கிழியாமல் உள்ளே எலும்பு மட்டும் முறிவது ஒன்று. தோல் கிழிந்து, முறிந்த இடத்துக்கு வெளிக்காற்றும் மண்ணும் போக வழி ஏற்படுவது இன்னொன்று. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தடவிப் பாருங்கள். எலும்புக்கும் விரலுக்கும் நடுவே தோல் மட்டும்தான் இருக்கும், தசை கிடையாது. அதனால்தான் இந்த எலும்பு முறிந்தால் சுலபமாகத் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. தசை குறைவு என்பதால் ரத்த ஓட்டமும் குறைவு. கணுக்காலை நெருங்க நெருங்க இன்னும் குறைவு. ஆகவே ஒட்டுவதற்கும் நாளாகும், சீழ் பிடித்தால் ஆறுவதற்கும் நாளாகும்.

வயல் மண் பட்டால் சின்னப் புண்ணும் பெரிய புண்தான்

தோல் கிழிந்த முறிவுகளை உலகம் முழுக்க எலும்பு மருத்துவர்கள் மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். கஸ்டிலோ, ஆண்டர்சன் என்ற இரு மருத்துவர்கள் 1976-ல் வெளியிட்ட முறை அது. 1 சென்டிமீட்டருக்கும் குறைவான, சுத்தமான புண் என்றால் முதல் தரம். பெரிதாகக் கிழிந்து, தசை நசுங்கியிருந்தால் மூன்றாம் தரம். இதில் விவசாயிகள் கவனிக்க வேண்டிய ஒரு விதி உண்டு. வயலிலோ தொழுவத்திலோ அடிபட்டு, மண்ணும் சாணமும் புகுந்திருந்தால் புண் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதை மூன்றாம் தரமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

காரணம், நம் மண்ணில் இருக்கும் கிருமிகள். மண்ணுக்கு உயிர் வேண்டும் என்று தொழுவுரம் போட்டு வளர்க்கிறோம். பயிருக்கு அது நல்லது, முறிந்த எலும்புக்கு நல்லதல்ல. ரண ஜன்னியை உண்டாக்கும் கிருமியும், தசையைக் கருக்கி அழுகவைக்கும் அதன் உறவுக்காரக் கிருமியும் மண்ணிலும் சாணத்திலும் வாழ்பவை. காற்றுப் புகாத இடத்தில்தான் அவை பெருகும். மண் உள்ளே இருக்கும்போது புண்ணைத் தைத்து மூடினாலோ, அதன்மேல் பச்சிலை அரைத்துப் போட்டு இறுக்கிக் கட்டினாலோ, அவை கேட்ட இடத்தை நாமே கட்டிக் கொடுத்தது போலாகிவிடும். புண்ணைத் திறந்து விட்டதற்குக் காரணம் இதுதான். முதல் நாள் கழுவி, செத்த தசையை வெட்டி எடுப்பார்கள். தேவைப்பட்டால் இரண்டு நாள் கழித்து மறுபடியும் செய்வார்கள். சுத்தமான பிறகுதான் தைப்பதோ, தசையும் தோலும் வைத்து மூடுவதோ நடக்கும்.

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் மருத்துவர்கள், இப்படிப்பட்ட கால்களைக் காப்பாற்ற முடியுமா என்று கணிக்க ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கி 2006-ல் வெளியிட்டார்கள். தோல், எலும்பு, தசையும் நரம்பும் என்று மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். பரீட்சைக்கு நேர் எதிராக, இதில் மதிப்பெண் கூடக் கூட ஆபத்து. மொத்தம் 29. 14 அல்லது அதற்குக் குறைவு என்றால் காலைக் காப்பாற்றலாம். 17 அல்லது அதற்கு மேல் என்றால் காலை எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். நடுவில் இருப்பவற்றை அனுபவமுள்ள மருத்துவக் குழுதான் முடிவு செய்ய வேண்டும். தொழுவம், சாக்கடை போன்ற இடத்து அழுக்கு பட்டிருந்தால் 2 மதிப்பெண் கூடுகிறது. அடிபட்டு 12 மணி நேரத்துக்குள் புண்ணை முறையாகச் சுத்தம் செய்யாவிட்டால் இன்னொரு 2. மருந்து சாப்பிடும் சர்க்கரை நோயாளி என்றால் மேலும் 2. அடியின் வேகம் நம் கையில் இல்லை. ஆனால் அந்த 12 மணி நேரம் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. பஞ்சாயத்து பேசி, பணம் புரட்டி, நாட்டு வைத்தியர் ஒருவரைப் பார்த்துவிட்டுப் பிறகு ஆஸ்பத்திரி என்று போனால் அந்த நேரம் கரைந்துவிடும்.

களத்திலேயே செய்ய வேண்டியது

முதலில் இன்ஜினை நிறுத்துங்கள். ரத்தம் கொட்டினால் துவைத்த துணியை மடித்து வைத்துக் கையால் அழுத்திப் பிடியுங்கள். கயிறு போட்டு இறுக்க வேண்டாம். வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளவே கூடாது. மஞ்சள் தூள், காபித் தூள், சாம்பல் எதையும் போடாதீர்கள். சுத்தமான துணியால் மூடினால் போதும்.

பிறகு காலை அசையாமல் கட்ட வேண்டும். பனைமட்டை, மூங்கில் பட்டை, குடைக்கம்பு எது கிடைத்தாலும் சரி. முழங்காலும் கணுக்காலும் சேர்ந்து அசையாதபடி நீளமாக இருக்க வேண்டும். இடையில் துண்டோ சாக்கோ மடித்து வைத்து, புண்ணுக்கு மேலும் கீழும் கட்டுங்கள், புண்ணின்மேல் கட்டாதீர்கள். கட்டிய பிறகு கால் விரல் சூடாக இருக்கிறதா, தொட்டால் உணர்ச்சி தெரிகிறதா என்று பாருங்கள். குடிக்க டீ, சோடா கொடுக்காதீர்கள். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்க மருந்து கொடுப்பது தள்ளிப்போகும். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோவதைத் தவிர்த்து, 108-ஐக் கூப்பிடுங்கள். அடிபட்ட நேரத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் கிருமிக்கொல்லி ஊசியும் ரண ஜன்னி ஊசியும்தான் முதல் வேலை. ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி உடம்பில் ஏறிவிட்டால் நல்லது. 'வயலில் அடிபட்டது, சாணம் கிடந்த இடம்' என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.

கம்பி எப்படி வேலை செய்கிறது?

புண்ணைத் திறந்து வைக்க வேண்டும், தினமும் பார்க்க வேண்டும், ஆனால் எலும்பு அசையக் கூடாது. மாவுக்கட்டு போட்டால் புண் மறைந்துவிடும். எலும்புக்குள் ராடு போட்டால், புண் அழுக்காக இருக்கும்போது கிருமி அந்த ராடைப் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவே கண்டுபிடித்த வழிதான் வெளிக்கம்பி. மருத்துவர்கள் இதை 'எக்ஸ்டர்னல் ஃபிக்ஸேட்டர்' என்பார்கள். முறிவுக்கு மேலே இரண்டு மூன்று, கீழே இரண்டு மூன்று என்று மரையுள்ள கம்பிகளை எலும்பில் திருகுவார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய பென்சில் கனத்தைவிடச் சற்றுக் குறைவு. அவற்றை வெளியில் ஒரு ராடில் கவ்விகளால் இறுக்கிவிடுவார்கள். சாய்ந்த வாழைக்கு முட்டுக் கொடுப்பதைப் போலத்தான். முட்டு வெளியேதான் நிற்கும், தண்டைத் துளைத்து உள்ளே போகாது.

வளையம் வளையமாகக் கூண்டு போலப் போடுவது இன்னொரு வகை. சைபீரியாவின் குர்கான் நகரத்தில் 1950-களில் இலிசரோவ் என்ற மருத்துவர் உருவாக்கியது. 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வலேரி புரூமெல், மறு வருடமே மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டார். பல ஆபரேஷன்களுக்குப் பிறகும் கூடாத எலும்பு, இலிசரோவின் வளையத்தில்தான் கூடியது. அவர் மறுபடியும் தாண்டினார். எலும்பு துண்டாக விழுந்துபோன கால்களுக்கும், சீழ் பிடித்து ஒட்டாமல் கிடக்கும் கால்களுக்கும் இன்றும் நம் ஊர்களில் இந்த வளையத்தைப் போடுகிறார்கள்.

வெளிக்கம்பி எத்தனை நாள் இருக்கும்? புண் சீக்கிரம் சுத்தமாகி மூடிவிட்டால், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அதைக் கழற்றிவிட்டு உள்ளே ராடு போட்டுவிடுவார்கள். அதற்கு மேல் தள்ளிப்போனால், கம்பித் துளைகளில் சீழ் வைத்திருந்தால், உள்ளே ராடு போடத் தயங்குவார்கள். துளையில் இருக்கும் கிருமி எலும்புக்குள் போய்விடும் என்ற பயம்தான். அப்போது வெளிக்கம்பியையே சில வாரங்கள் வைத்திருந்து, புண் ஆறி, எலும்பு ஓரளவு பிடித்ததும் கழற்றிவிட்டு மாவுக்கட்டு போடுவார்கள். 'கம்பியை எடுத்துவிட்டு மறுபடியும் கட்டா?' என்று சலித்துக்கொள்ள வேண்டாம். கம்பி புண்ணுக்காக இருந்தது, கட்டு எலும்புக்காகப் போடுவது.

மாவுக்கட்டு பழைய வைத்தியம்தான். நெதர்லாந்து ராணுவ மருத்துவர் மத்தைசன் 1851-ல் துணியில் ஜிப்சம் மாவைத் தேய்த்து உருவாக்கியது. ஆனால் போடும் விதம் மாறியிருக்கிறது. 1960-களில் அமெரிக்காவில் சார்மியன்டோ என்ற மருத்துவர், முழங்கால் சிப்பிக்குக் கீழே நன்றாக வடிவம் பிடித்து, முழங்காலை மடக்க முடிகிற மாதிரி ஒரு கட்டைக் கொண்டுவந்தார். மருத்துவர் அனுமதித்தால் அதோடு ஊன்றி நடக்கலாம். அளவாக ஊன்றினால் எலும்பு கூடுவதற்கு அது உதவியே செய்கிறது.

புத்தூர்க் கட்டுக்குப் போய் நல்லபடியாக நடக்கிறவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் கட்டு எந்த ஊர்க் கட்டாக இருந்தாலும், தோல் கிழிந்து மண் புகுந்த முறிவுக்குப் பொருந்தாது. ஆஸ்பத்திரி மாவுக்கட்டையே அந்த நேரத்தில் போட மாட்டேன் என்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

கால் போவதும் நிற்பதும் பல நேரம் இந்த வாரங்களில்தான் தீர்மானமாகிறது. கம்பி தோலுக்குள் நுழையும் இடத்தை ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி, கை கழுவிவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரிலோ அவர்கள் கொடுத்த மருந்திலோ துடைக்க வேண்டும். ஒவ்வொரு கம்பிக்கும் தனிப் பஞ்சு. தண்ணீர் போலக் கொஞ்சம் கசிந்து காய்வதில் பயமில்லை. சிவந்து வீங்கினாலோ, மஞ்சளாகச் சீழ் வந்தாலோ, கம்பி ஆடினாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள்.

பலரும் கோட்டை விடுவது பாதத்தில். கம்பியோடு படுத்தே கிடந்தால் பாதம் கீழ்நோக்கித் தொங்கி, குதிகால் தசைநார் சுருங்கிவிடும். எலும்பு கூடிய பிறகும் குதிகால் தரையில் படாது. பாதத்தைப் பலகையில் முட்டுக் கொடுத்து நேராக வைத்திருங்கள். ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுத்துப் பிடிப்பதை தினமும் பல தடவை செய்யச் சொல்லுங்கள்.

மாவுக்கட்டு போட்ட பிறகு ஒரே ஒரு விஷயத்தில் அலட்சியம் கூடாது. கட்டுக்குள் கால் வீங்கி, வலி ஏறிக்கொண்டே போய், விரலை மேலே மடக்கினால் உயிர் போகிற மாதிரி வலித்தால், விரல்கள் மரத்துப்போனால், நீலமானால், அது விடியும் வரை பொறுக்கிற வலி அல்ல. உள்ளே அழுத்தம் கூடித் தசைக்கு ரத்தம் போகவில்லை. சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். ராத்திரி 2 மணியாக இருந்தாலும் கிளம்புங்கள். இறுக்கிக் கட்டிய எந்தக் கட்டுக்கும் இது பொருந்தும்.

பீடி, சிகரெட்டை நிறுத்த வேண்டும். எலும்பு கூடுவதை அது நிச்சயமாகத் தாமதப்படுத்துகிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். ஆட்டுக்கால் சூப் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் முட்டை, பருப்பு, பால், கேழ்வரகு தினமும் தட்டில் இருப்பதுதான் முக்கியம்.

செலவுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் சேரும்போதே காட்டுங்கள். சாலை விபத்து என்றால் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை உண்டு. வயலில் நடந்த விபத்து அதில் வராது. உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினராக இருந்தால், ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, வருவாய்த் துறை அலுவலகத்தில் விபத்து உதவி பற்றிக் கேளுங்கள்.

இன்னும் சில கேள்விகள்

*கம்பியோடு மாடு கறக்கலாமா?*

வேண்டாம். குத்துக்கால் போட்டு உட்கார முடியாது, மாடு உதைத்தால் கம்பி எலும்போடு பெயரும், சாணம் பட்டால் துளையில் சீழ் வைக்கும். தொழுவத்துப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. அந்த மாதங்களில் கறக்க ஆள் இல்லையென்றால், கறவை மாட்டை உறவினர் வீட்டில் கட்டுங்கள்.

*கட்டுக்குள் அரிப்பு தாங்கவில்லை. துடைப்பக்குச்சி விடலாமா?*

கூடாது. உள்ளே தோல் கீறினால் வெளியே தெரியாமலே புண்ணாகும். மேலே தட்டிவிடுங்கள், மின்விசிறிக்கு நேராக வையுங்கள். கெட்ட வாடை வந்தால் கட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

*கம்பியைக் கழற்ற மறுபடியும் ஆபரேஷனா?*

பெரும்பாலும் சின்ன வேலைதான். திருகி எடுத்துவிடுவார்கள். துளைகள் ஓரிரு வாரத்தில் தானாக மூடும்.

*எப்போது வயலில் இறங்கலாம்?*

தோல் கிழியாத முறிவே கூட மூன்று நான்கு மாதம் எடுக்கும். கிழிந்த முறிவுக்கு ஆறு மாதமும் ஆகலாம், மேலும் ஆகலாம். நாள் கணக்கை வைத்து முடிவு செய்யாமல், எக்ஸ்ரேயைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். கட்டுப் பிரித்ததும் கால் சூம்பியிருக்கும், சாயங்காலம் கணுக்கால் வீங்கும். பயிற்சி செய்யச் செய்யச் சரியாகும். முதலில் வீட்டுத் தரை, பிறகு தெரு, அப்புறம் கைத்தடியோடு வரப்பு. சேற்றிலும் உழுத கட்டியிலும் கால் வைப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.