பயிற்சி கைக்கே வந்தது, வாத்தியார் வரவில்லை!

தபால் ஆபீஸ் குமாஸ்தா வேலை கிடைத்தவர் முதலில் பெட்டி கட்டவேண்டும். மைசூரிலோ மதுரையிலோ உள்ள பயிற்சி நிலையத்தில் தங்கிப் படித்துவிட்டு வந்துதான் கவுண்டரில் உட்காருவார். வெகுகாலமாக இருந்து வரும் வழக்கம் இது.

இப்போது பயிற்சி செல்போனுக்கே வந்துவிட்டது. மத்திய மந்திரிசபை 2020 செப்டம்பர் 2-ந் தேதி ‘மிஷன் கர்மயோகி’ திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ‘ஐகாட்’ என்ற தளத்தில் சர்க்கார் ஊழியர்களுக்கான பாடங்கள் இருக்கின்றன. 2022 ஜூன் 28-ந் தேதி தபால் இலாகாவும் ‘டாக் கர்மயோகி’ என்று ஒன்றைத் தொடங்கியது. கிராமத் தபால் ஊழியர்கள் உள்பட சுமார் 4 லட்சம் பேருக்கு அது.

ஊரை விட்டு வந்து வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது பெரிய சவுகரியம். மனைவியும் வேலைக்குப் போகிற வீட்டில், பாட்டி தாத்தா துணை இல்லாமல், பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு வாரக்கணக்கில் வெளியூர் போவது?

ஆனால் படிக்க நேரம் எங்கே? 2024 அக்டோபரில் ‘தேசியக் கற்றல் வாரம்’ நடந்தபோது, ஒவ்வொருவரும் குறைந்தது 4 மணி நேரம் படிக்கவேண்டும் என்றார்கள். கவுண்டரில் கூட்டம் நிற்கும்போது பாடத்தைத் திறக்க முடியுமா? பஸ்ஸிலும் அடுப்படியிலும் வைத்து ஓடவிடுகிற பாடம் சான்றிதழைத் தரும். விஷயத்தைத் தருமா என்பது சந்தேகம்தான்.

வானத்திலிருந்து வந்த வகுப்பு

தூரத்திலிருந்து கற்பிப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் மூலம் 6 மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. கர்நாடகத்தில் குல்பர்கா, ராய்ச்சூர், பிஜாப்பூர் பக்கத்துக் கிராமங்களும் அதில் சேர்ந்தவை. அப்போது ஆரம்பப்பள்ளி ஆசிரியர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் முறையில் 12 நாள் பயிற்சி தந்தார்கள். இரண்டு தவணையில் சுமார் 48 ஆயிரம் பேர் படித்தனர். டெலிவிஷனோடு வானொலியும் அச்சிட்ட பாடங்களும் உண்டு. சந்தேகம் தீர்க்கக் கூடவே ஓர் ஆளும் இருந்தார்.

பிறகு 1995-ல் இஸ்ரோ பயிற்சிக்கென்றே தனி அலைவரிசை ஒதுக்கியது. மைசூரில் உள்ள அப்துல் நசீர் சாப் ஊரக வளர்ச்சி நிலையத்தில் ஸ்டூடியோ அமைத்து, கிராமப் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்குக் கன்னடத்திலேயே வகுப்பு நடத்தினார்கள். (கிராமம் கிராமமாக ஆழ்குழாய்க் கிணறு போட்டு ‘நீர் சாப்’ என்று பெயரெடுத்த மந்திரிதான் இந்த நசீர் சாப்.) உறுப்பினர்கள் தாலுகா ஊரில் டெலிவிஷன் முன் உட்காருவார்கள். சந்தேகம் வந்தால் டெலிபோனில் கேட்கலாம். பதில் அப்போதே திரையில் வரும். ஒருவர் கேட்ட கேள்விக்கான பதிலை எல்லாத் தாலுகாக்காரரும் கேட்பார்கள். பள்ளிப்படிப்பு அதிகமில்லாத பெண் உறுப்பினரும் வாய் திறந்து கேட்க வழி இருந்தது.

அந்த டெலிபோன்தான் அங்கே வாத்தியார் என்று சொல்லலாம். செல்போன் பாடத்தில் கலந்துரையாடலுக்கு இடம் வைத்திருந்தாலும், பதிவு செய்த பாடத்தை நிறுத்தி ‘ஐயா, இது புரியவில்லை’ என்று கேட்க முடியாது. போதாக்குறைக்கு மொழிச் சிக்கல் வேறு. பாடங்களில் இங்கிலீஷும் இந்தியுமே மிகுதி. பெங்களூரில் கவுண்டரில் இருக்கும் நம்மவர் அதைப் படித்து, தமிழில் புரிந்துகொண்டு, கன்னடத்தில் பதில் சொல்லவேண்டும்!

மூத்த குடிமக்கள் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் பெரியவர் பாஸ்புத்தகத்தை நீட்டி, ‘வட்டியில் ஏன் வரி பிடித்தீர்கள்?’ என்று கேட்டால் என்ன சொல்வது? சான்றிதழைக் காட்ட முடியாது. வாரத்தில் ஒரு மணி நேரத்தை ஆபீஸ் வேளையிலேயே படிப்புக்கு ஒதுக்கி, அந்த நேரத்தில் விதி தெரிந்த ஒருவரை மறுமுனையில் உட்காரவைத்தால், குமாஸ்தா அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். பெரியவரும் இரண்டாம் தடவை படியேறி வரவேண்டியிராது.