பழசைத் தட்டிக்கொட்டுவதா? புதுசு வாங்குவதா? ரிச்சி தெருவில் 2 வாலிபர்களின் தவிப்பு!

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. மாலை 5 மணி. ஆட்டோவில் இருந்து 2 வாலிபர்கள் இறங்கினார்கள். ஆளுக்கொரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்திருந்தார்கள்.

ஒருவர் பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர். மற்றவர் ஜெராக்ஸ் கடை ஊழியர். பள்ளித் தோழர்கள். 2017-ல் ஒரே மாதத்தில் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள். வேலை முடிந்து வந்து இரவில் சேர்ந்து கேம் ஆடுவதுதான் இருவருக்கும் ஒரே பொழுதுபோக்கு. இப்போது கேம் திக்கித் திக்கி ஓடுகிறது.

சாப்பாடு கொடுக்கும் வாலிபரின் பையில் ரூ.40 ஆயிரம். அம்மா எடுத்துக் கொடுத்த சீட்டுப் பணம்!

"ரெண்டையும் காயலான் கடையில போடுங்க. 90 ஆயிரத்துல புதுசு தர்றேன். மிச்சத்தைத் தவணையில கட்டிக்கலாம்" என்றார் முதல் கடைக்காரர்.

வாலிபர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார். தோழர்தான் கையைப் பிடித்து இழுத்து, மாடியில் உள்ள மெக்கானிக்கிடம் அழைத்துப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

வயசு முக்கியம் இல்லை

மெக்கானிக் இரண்டு பெட்டிகளையும் ஓடவிட்டார். கேமைப் போட்டுவிட்டு 'டாஸ்க் மேனேஜர்' கணக்கைப் பார்த்தார்.

"கார்டு முழு மூச்சா ஓடி, ப்ராசசர் சும்மா இருந்தா கார்டை மாத்தணும். ப்ராசசர் 100-ல முட்டிக்கிட்டு கார்டு சும்மா இருந்தா, ப்ராசசரை மாத்தணும். உங்க ரெண்டு பேருக்கும் ப்ராசசர்தான் திணறுது" என்றார்.

அப்படியானால் இருவருக்கும் ஒரே வைத்தியமா? அங்கேதான் திருப்பம்!

ஜெராக்ஸ் கடை வாலிபருடையது ஏ.எம்.டி. 'ரைசன்'. ஏ.எம்.4 என்ற வகை மதர்போர்டு. அந்த வகை போர்டுகள் பெரும்பாலானவற்றில், 'பயாஸ்' புதுப்பித்தால், 2020-ல் வந்த ரைசன் 5000 வரிசை ப்ராசசர் வரை ஏறும். ஒரே பொருளை மாற்றினால் வேலை முடிந்தது. விண்டோஸ் 11-ம் ஓடும்.

மற்றவருடையது இன்டெல் 7-வது தலைமுறை. அடுத்த தலைமுறை ப்ராசசருக்கும் அதே 1151 சாக்கெட் கணக்குதான். ஆனால் பழைய போர்டில் வேலை செய்யாதபடி கம்பெனியே கதவைச் சாத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-வது தலைமுறையில் இருந்துதான் அனுமதி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு முடித்துக்கொண்டது.

"இந்தப் போர்டுக்குள்ள இனிமே ஒரு பைசா போடாதீங்க தம்பி. ஆனா முழுப் பெட்டியையும் தூக்கிப் போடவும் வேணாம்."

ராம் பத்திரம்!

2025 கடைசியில் இருந்து ராம் விலை கிடுகிடுவென ஏறிவிட்டது. ஏ.ஐ. கம்ப்யூட்டர் மையங்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போவதுதான் காரணம்.

வாலிபரிடம் 16 ஜி.பி. 'டி.டி.ஆர்.4' ராம் இருந்தது. டி.டி.ஆர்.5 போர்டு வாங்கினால் அது குப்பை. அதனால் டி.டி.ஆர்.4 ஏற்கும் 12-வது தலைமுறை போர்டாகப் பார்த்து எடுத்தார் மெக்கானிக். அந்த ராம் அப்படியே பொருந்தியது. கேபினட்டும் பழைய கார்டும் தப்பின.

பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. கரண்டு கொடுக்கும் 'எஸ்.எம்.பி.எஸ்' மட்டும் நல்லதாகப் புதுசு. "இதுல மிச்சம் பிடிச்சா, வெடிக்கும்போது மத்ததையும் கூட்டிட்டுப் போயிடும்" என்று எச்சரித்தார்.

போலி கார்டு ஜாக்கிரதை

"கார்டும் பழசு மலிவா வாங்கிடலாமாண்ணே?" என்று கேட்டார் வாலிபர்.

மெக்கானிக் தலையை ஆட்டினார். 2022 செப்டம்பரில் 'எதீரியம்' நாணயத்துக்குக் கார்டு வைத்துச் சுரங்கம் தோண்டும் முறை நின்றது. ராத்திரி பகலாக ஓடிய கார்டுகள் உலகம் முழுக்கப் பழைய சந்தைக்கு வந்தன. மட்டமான பழைய கார்டுக்குள் பொய்ப் பெயரை ஏற்றி விற்கும் மோசடியும் உண்டு. 'ஜி.பி.யு-இசட்' என்ற இலவச புரோகிராம் அந்தப் போலிகளைப் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். கடையிலேயே அதை ஓட்டி, அரைமணி நேரம் கேம் ஆடிப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

"இப்ப நீங்க ஆடுற கேமுக்கு இந்தக் கார்டே போதும். போதாதப்ப வாங்குங்க. புதுப் போர்டுல அதுவும் ஏறும்."

இரவு 8 மணிக்கு பில் வந்தது. போர்டு, ப்ராசசர், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்., கூலி எல்லாம் சேர்த்து ரூ.28 ஆயிரம். தவணை இல்லை. கையெழுத்தும் இல்லை.

படி இறங்கும்போதே வாலிபர் போனை எடுத்தார். "அம்மா, 12 ஆயிரம் மிச்சம். அடுத்த மாச சீட்டை நானே கட்டிடுறேன்."