கார் நின்னாச்சு... ஆனா நிக்குமா?

லைசென்ஸ் வாங்கி மூணே மாசம். மாமாவோட காரை எடுத்துக்கிட்டு குடும்பத்தோட ஏற்காடு கிளம்பினேன். 20 ஹேர்பின் வளைவையும் ஏறி முடிச்ச கெத்துல, ஏற்றமான ரோட்டுல ஒரு டீக்கடை ஓரமா நிறுத்தினேன். கியர் நியூட்ரல். ஹேண்ட் பிரேக்கை ஸ்டைலா ரெண்டே 'க்ளிக்' இழுத்துட்டு இறங்கினேன்.

பஜ்ஜியைக் கடிக்கும்போதே, "தம்பி, வண்டி!"னு ஒரு சத்தம். கார் மெள்ள பின்னாடி உருளுது. பின் சீட்ல அம்மாயி தூங்கிட்டு இருக்காங்க! டீக்கடை அண்ணன் பாய்ஞ்சு போய் டயருக்கு அடியில கல்லைப் போட்டார். நான் பஜ்ஜியும் கையுமா சிலையா நின்னேன். மெக்கானிக்கல் ஸ்டூடன்ட்னு வெளியே சொல்லிடாதீங்க!

என்ன தப்பு? கால் பிரேக், ஆயில் அழுத்தத்துல நாலு சக்கரத்தையும் பிடிக்கும். லீவர் வெச்ச ஹேண்ட் பிரேக், பெரும்பாலான கார்கள்ல கேபிள் மூலமா பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். அரைகுறையா இழுத்தா, பிடியும் அரைகுறைதான். சமதளத்துல தப்பிச்சிடலாம், சரிவுல மாட்டிக்குவீங்க.

சரியான வரிசை இதுதான் பாஸ்...

* கால் பிரேக்கை அழுத்திப் பிடிச்சு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வாங்க.

* ஹேண்ட் பிரேக்கை நல்லா இறுக்கி இழுங்க. லீவர் உச்சி வரைக்கும் வந்துட்டா, கேபிள் தளர்ந்திருக்கலாம். மெக்கானிக்கிட்ட காட்டுங்க.

* கால் பிரேக்கை மெள்ள விடுங்க. கார் அசைஞ்சா, உடனே மிதிச்சு இன்னும் இறுக்குங்க.

* இன்ஜினை அணைச்சு, கிளட்சை மிதிச்சு கியர்ல போடுங்க. ஏற்றம் பார்த்து நின்னா ஃபர்ஸ்ட், இறக்கம்னா ரிவர்ஸ். ஹேண்ட் பிரேக் கைவிட்டாலும் இன்ஜின் தடுக்கும்.

* மலை ரோடா? உருண்டாலும் பள்ளத்துப் பக்கம் போகாதபடி முன் சக்கரங்களைத் திருப்பி வைங்க. டயருக்கு ஒரு கல்லும் போடுங்க.

'எங்களது ஆட்டோமேட்டிக், 'பி'யில போட்டா போதும்'னு சொல்றீங்களா? அங்கே காரைப் பிடிக்கிறது கியர்பாக்ஸுக்குள்ள இருக்கிற ஒரு சின்ன உலோகக் கொக்கிதான். முதல்ல ஹேண்ட் பிரேக், அப்புறம்தான் 'பி'.

2016 ஜூன்ல, 'ஸ்டார் ட்ரெக்' நடிகர் ஆன்டன் யெல்ச்சின், லாஸ் ஏஞ்சல்ஸ்ல தன் வீட்டுச் சரிவுப் பாதையில உருண்டு வந்த சொந்தக் கார் நசுக்கி இறந்துபோனார். வயசு 27. 'பி'யில விழுந்துச்சா இல்லையான்னு டிரைவரையே குழப்புற கியர் லீவருக்காக, அந்த மாடலை கம்பெனி ஏற்கெனவே திரும்ப அழைச்சிருந்தது.

அன்னிக்குக் கண் முழிச்ச அம்மாயி, "ஏன்டா, ஊரு வந்துருச்சா?"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் வரலை. இப்பெல்லாம் இறங்கினதும் பத்து செகண்ட் நின்னு காரைப் பார்ப்பேன். அப்புறம்தான் பஜ்ஜி!